நான் கேட்டது ஒன்று, ஷீபா கேட்டது ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் ஷீபாவுக்கு வலிப்பு இன்னும் நிற்கவில்லை. சுகமான சாட்சி கேட்கலாம் என்று இந்த ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்து போகக் கூடாது. ஆனாலும் நான் சாட்சி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நாங்கள் நைனார்பாளையம். என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிவரும் லாரிக்கு டிரைவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஷீபா மூன்றாவது படிக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கண் மேலே செருகிவிட்டது, வாயில் நுரை. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையும் தவறவில்லை, ஜெபமும் தவறவில்லை. வலிப்பு வருவது குறைந்தது, நிற்கவில்லை.

அன்று போனது என் நிம்மதி. கிணற்றுப் பக்கம் விடமாட்டேன், அடுப்புப் பக்கம் விடமாட்டேன். உள்ளே ஒரு தட்டு விழுந்தால்கூட, "ஷீபா!" என்று அலறிக்கொண்டு ஓடுவேன். "தட்டுதாம்மா வுழுந்துச்சு, நான் வுழல" என்பாள்.

சபையில் ஒரு அக்கா, "இன்னா எஸ்தரு, இன்னும் நிக்கலியா? விசுவாசம் எங்கியோ கம்மியா இருக்குது. உபவாசத்த ஜாஸ்தி பண்ணு" என்றார். சுருக்கென்றது. ஆனாலும் உபவாசம் இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அதற்குப் பிறகும் பிள்ளை விழுந்தாள். அன்று முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன். "நான் இன்னா, பங்களாவா கேட்டேன்? எம் புள்ளைக்கு சுகந்தானே கேட்டேன்? உமக்குக் காது கேக்குதா இல்லியா?"

ஒன்பதாவதுக்குச் சின்னசேலம் பள்ளி. பஸ்ஸில் போக வேண்டும். படித்தது போதும் என்றேன். அழுது, சாப்பிடாமல் கிடந்து, பிடிவாதம் பிடித்துப் போனாள். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் அங்கேயே நிற்பேன். நான் பக்கத்தில் இல்லாதபோது வந்துவிட்டால்? அந்த ஒரு கேள்விதான் நாள் முழுக்க.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. தெரியாத நம்பர். "உங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டாண்ட வுழுந்துடுச்சிங்க. ஸ்கூல் அட்டையில நம்பர் இருந்துச்சு. பயப்படாம வாங்க, நான் இருக்கேன்" என்றது ஒரு பெண் குரல்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் போனேன். தலையில் அடிபட்டிருக்குமோ, துணி விலகிக் கிடக்கிறாளோ, கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறதோ. ஐயோ, அந்த வழி முடியவே இல்லை. போய்ப் பார்த்தால், ஒரு பூக்கார அம்மா மடியில் ஷீபா தலைவைத்துப் படுத்திருந்தாள். யாருடைய துப்பட்டாவோ போர்த்தியிருந்தது. பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் உடைந்துபோனேன். "எத்தன வருசமா கேட்டுக்கினே இருக்கேன், ஆண்டவரு கேக்கலியேடி!"

ஷீபாவுக்கு நாக்கு இன்னும் குழறியது. "எனக்குக் கேட்டாரும்மா."

"இன்னாடி சொல்ற?"

"நீ வலிப்பு நிக்கணும்னு கேட்ட. நான், வரும்போது யாராச்சும் பக்கத்துல இருக்கணும்னு கேட்டுக்கினு இருக்கேன். ஒருவாட்டி கூட நான் தனியா வுழலம்மா."

யோசித்துப் பார்த்தேன். வகுப்பில் டீச்சர். குழாயடியில் எதிர்வீட்டு அக்கா. பஸ்ஸில் கண்டக்டர். இன்று இந்தப் பூக்கார அம்மா. பிள்ளை சொன்னது நிஜம். மூடிக்கிடந்த கதவையே பார்த்து நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் சுகமாக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேச மாட்டேன். சுகம் வேண்டும் என்று இன்றைக்கும் கேட்கிறேன். என் பிள்ளையைத் தனியாக விழவிடாத ஆண்டவருக்கு நன்றியும் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது பதில் வராத ஜெபம் இருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். விசுவாசம் கம்மி என்று சொல்ல மாட்டேன். சேர்ந்து கேட்போம்.

இப்போதெல்லாம் பஸ் கிளம்பியதும் நான் திரும்பிவிடுகிறேன். பயம் இன்னும் போகவில்லை. பயந்துகொண்டே வீட்டுக்கு நடக்கிறேன்.