தில்ஷாத் பார்த்த மோட்டார்கள்

தில்ஷாத்தின் இரண்டு கையும் மாமியாரின் முதுகில் இருந்தன. தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, எலும்பு துருத்தும் இடங்களில் மட்டும் உள்ளங்கையை லேசாக உருட்டிக்கொண்டிருந்தாள். படுக்கைப் புண் வராமலிருக்க நான் சொல்லிக்கொடுத்த முறை அது. வெளியே மதராஸ் சாலையில் ஹாரன் சத்தம் கேட்டது. கை நிற்கவில்லை, தலை திரும்பிவிட்டது.

"ஃபோர்டு இல்ல இது. சத்தம் கனமா இருக்கு. நர்ஸம்மா, இவங்களைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

கிழவியை நான் தாங்கிக்கொண்டேன். தில்ஷாத் கையைத் துடைத்தபடி தகரப் பெட்டிமேல் ஏறி, ஜன்னலில் தொங்கிய மூங்கில் திரையின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

"அம்மிஜான், பச்சை! முன்னால ரெண்டு விளக்கு, நடுவுல மூணாவதா ஒண்ணு. எங்க பேரணாம்பட்டு சித்தப்பா நெத்தியில இருக்கிற கட்டி மாதிரி."

கிழவி வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். மறுபக்கம் அசையாது.

ஆம்பூரில் பெங்களூர் போகும் சாலையை ஒட்டிய வீடு அது. முனீர் அகமது தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தார். அவருடைய தாய் ஹலீமா பீக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வேலூரில் பயிற்சி எடுத்த நான், வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்றபடி குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் தில்ஷாத். முனீரின் தம்பி மனைவி. தம்பி விஷஜுரத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. கிழவியைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சும்மா இருந்தவள் அவள் ஒருத்திதான், அதனால் வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

கோஷா வீடு, பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கலியாணமாகிக் கூண்டு வண்டியில் வந்து இறங்கியவள், புருஷன் போனபின் ஒதுங்கியிருக்கும் இத்தா முடிந்த பிறகும் வாசலைத் தாண்டவில்லை. வெளியே கூட்டிப்போக ஆள் இல்லை. அவளுக்கு இருந்தது கிழவியின் அறையும் அந்த ஜன்னலும்.

சாலையில் மாட்டுவண்டிதான் அதிகம். தோல் ஏற்றிய வண்டி, அதைப் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி. மோட்டார் ஒரு நாளைக்குச் சில வரும். ஃபோர்டுகளை அவள் மதிக்க மாட்டாள். "அது கோழி மாதிரி, தெருவுக்கு நாலு இருக்கு" என்பாள். மதராஸிலிருந்து மைசூர்ப் பக்கம் போகும் பெரிய மனிதர்களின் வண்டிகளுக்குத்தான் காத்திருப்பாள். பின்பக்கம் படகு போலக் கூராக, மரப்பலகையாலேயே செய்த ஒன்றைப் பார்த்திருக்கிறாள். பித்தளைப் பாம்பு வாயைத் திறந்து ஹாரன் அடிக்கும் ஒன்று. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியின் கிழட்டு வண்டிக்கு மரச்சக்கரமும், சைக்கிளுக்கு இருப்பது போலச் சங்கிலியும். அது மேட்டில் ஏறும்போது பாதிரி இறங்கித் தள்ளுவாராம். பார்த்ததையெல்லாம் மாமியாரிடம் சொல்லுவாள். பேச்சு குழறும் கிழவி "அப்புறம்?" என்பதை மட்டும் தெளிவாகக் கேட்பாள்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் திரை போய்ப் பலகை வந்துவிடும்.

அந்த வருஷம் தோலுக்கு நல்ல விலை. முனீர் அகமது மதராஸில் ஒரு மோட்டார் வாங்கினார். கறுப்பு நிறம், பெட்டி போன்ற கூடு, இரண்டாம் கை. அதை நிறுத்த ஒரு கொட்டகை வேண்டும். வீட்டின் பின்னால் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிகள். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். முன்பக்கம்தான் இடம், அதாவது கிழவியின் ஜன்னல் இருக்கும் சுவரை ஒட்டி.

நான் போன அன்று, முனீரின் மனைவி ஜஹீதா பூரிப்போடு இதைச் சொன்னாள். தில்ஷாத் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அங்க ஏன் பாபி? சாலைக்கு அந்தப் பக்கம் காலி இடம் இருக்கே."

"ராத்திரி எவனாவது டயரைக் கழட்டிட்டுப் போவான். உனக்கு இன்னா கஷ்டம்? நீயா ஓட்டப் போறே?"

எனக்கு ஜன்னல் வேண்டும் என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னால், இத்தனை நாள் சாலையைப் பார்த்தது வெளியே வந்துவிடும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னாள்.

"அம்மிஜானுக்குக் காத்து வேணும் பாபி. கொட்டகை வந்தா அடைச்சிடும். மூச்சு முட்டும். பாய்ஜான்கிட்ட சொல்லுங்க."

முனீர் அகமது தாயிடம் உயிரையே வைத்திருந்தவர். அன்று மாலையே ஷாப்பிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்றபடி அவர் குரல் கொடுத்தார்: "தில்ஷாத் சொன்னது ரொம்ப சரி. எனக்குத் தோணாமப் போச்சு. பின்னறை முற்றத்தைப் பார்த்து இருக்கு. காத்து ஜாஸ்தி."

கட்டில் போன இடத்துக்குத் தில்ஷாத்தும் போயாக வேண்டும்.

பின்னறையில் காற்று இருந்தது உண்மை. அதோடு சுண்ணாம்பு நாற்றமும் ஈயும் வந்தன. எதிரே முற்றம், முற்றத்துக்கு அப்பால் சுவர். முன்னறையில் பெட்ரோல் டின் அடுக்கினார்கள். ஹாரன் சத்தம் பின்னறை வரைக்கும் வரும், எப்போதாவது. அப்போது அவள் கை அப்படியே நின்றுவிடும். கிழவி "அப்புறம்?" என்பாள். சொல்ல ஒன்றும் இருக்காது. நான் பார்த்தபோது தில்ஷாத் நன்றாக இளைத்திருந்தாள். ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னேன். சாப்பாட்டால் தீருகிற விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்தான். வேறு மருந்து என்னிடம் இல்லை.

பிறகு வாணியம்பாடியில் ஒரு நிக்காஹ் வந்தது. மோட்டாரில் பெண்கள் போவது அதுதான் முதல் தடவை. கிழவியை அன்று முழுக்க நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

புறப்படும்போது வாசலிலிருந்து வண்டி வரைக்கும் இரண்டு பக்கமும் வேலைக்காரிகள் வேட்டியை உயர்த்திப் பிடித்தார்கள். நடுவில் புர்காவோடு பெண்கள் நடந்தார்கள். தன் வீட்டு வண்டியின் முகப்பைக்கூட தில்ஷாத் அன்று பார்க்கவில்லை. வண்டியின் எல்லாக் கண்ணாடிக்கும் தடித்த காக்கித் துணி. டிரைவருக்கும் பெண்களுக்கும் நடுவில் இன்னொன்று.

இரவு திரும்பி வந்ததும் கேட்டேன். "எப்படி இருந்தது சவாரி?"

"இருட்டுல குலுங்கினேன்."

பின்னால் வந்த ஜஹீதா சிரித்தாள். "நர்ஸம்மா, இவ பண்ண வேலை கேளுங்க. மின்னூர்கிட்ட ஏதோ வண்டி உறுமிக்கிட்டுப் போச்சு. துணிய விலக்கப் போய்ட்டா! நான் கையைப் பிடிக்கலேன்னா நம்ம மானம் ரோட்டுல."

தில்ஷாத் புர்காவைக் கழற்றி, கண்ணுக்கு நேரே இருக்கும் வலைத் துண்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அதை ஜாலி என்பார்கள். அந்த ஜாலி வழியாகச் சவாரி முழுக்க அவள் பார்த்தது காக்கித் துணியை.

அன்றிரவு நான் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை கிழவிக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டி முடித்த பிறகு, தில்ஷாத் ஜஹீதாவிடம் போய் வண்டித் துணிகளைக் கேட்டாள். தூசியை உதறி, பிரிந்த ஓரத்தைத் தைக்க வேண்டும் என்றாள். டிரைவர் கழற்றிக் கொடுத்தான். தன்னுடைய பழைய புர்காவைப் பிரித்து ஜாலியை வெட்டி எடுத்தாள். காக்கித் துணியில் தான் உட்காரும் பக்கத்தில் அதே அளவுக்குக் கத்தரி போட்டாள்.

ஜஹீதா வாயில் கையை வைத்தாள். "அவர் பார்த்தா கொன்னுடுவார்டி!"

"எதுக்கு? நமக்குக் கண்ணுக்கு ஜாலி விட்டிருக்காங்களே பாபி. இது வண்டிக்குப் போட்ட புர்கா."

ஜஹீதா வாசலைப் பார்த்தாள், பிறகு துணியைப் பார்த்தாள். அடுத்த பயணம் பக்ரீதுக்குத்தான், அதுவும் முனீர் அகமது இதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தால். தில்ஷாத் ஊசியில் நூல் கோத்து, வெட்டிய இடத்தில் ஜாலியை வைத்து நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்தாள். கடைசி ஓரத்தில் இருக்கும்போது ஜஹீதா உள்ளே போய்த் தன் பழைய புர்காவைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.