ஐந்து நொடிச் சத்தம்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவரைப் போல எந்நேரமும் பறந்துகொண்டிருந்ததால் அவருக்கு 'வெந்நீர்' என்ற பட்டப்பெயர் வாய்த்தது. அவருடைய பட்டறையின் பெயர்ப்பலகையில் வேறொரு பெயர் இருந்தது, ஆனால், அதைப் படித்துவிட்டு உள்ளே வருபவர்களும் "வெந்நீர் இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள். கார் வைத்திருப்பவர் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் இவருடைய கை பானெட்டைத் திறந்திருக்கும். வாய் தீர்ப்பையும் சொல்லியிருக்கும். முப்பது ஆண்டுத் தொழிலில், பத்துக்கு ஒன்பது முறை அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்தது. பத்தாவது முறையைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை.

அந்தப் பத்தாவது முறை, உடன்பிறந்த அக்காவின் காரில் வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, காருக்கு இருபத்திரண்டு. நடக்கச் சிரமப்படும் நான்கு பிள்ளைகளை அவர்களுடைய சிறப்புப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, திரும்பக் கொண்டுவந்து விடுவதே அவருடைய வேலை. ஊன்றுகோல்களை எந்த வரிசையில் அடுக்கினால் பின்கதவு மூடும், எந்தப் பிள்ளை எந்தத் திருப்பத்தில் அழத் தொடங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வியாழக்கிழமை காலையில் அவர் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"டேய், ரெண்டு மூணு வாரமா காலைல முதல்ல ஸ்டார்ட் பண்ணும்போது, உள்ள யாரோ சுத்தியலால தட்டற மாதிரி சத்தம் வருதுடா. அப்புறம் தானா நின்னுடுது."

வெந்நீர் அப்போது வேறொரு வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தார். ஒரு கையில் ஸ்பேனர், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசி.

"பேரிங்க்கா. அடில பேரிங் தேய்ஞ்சு போச்சு. இன்ஜினைப் பிரிக்கணும், மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஓட்டாத. பாதி வழில உடைஞ்சா பசங்களோட நடுரோட்டுல நிப்ப."

"வந்து பாக்காமலே சொல்றியே?"

"இதுக்குப் பாக்க வேற வேணுமா?"

ஆயினும், மாலையில் போய்ப் பார்த்தார். மைத்துனன் வருகிறான் என்று அத்தான் வண்டியை முன்கூட்டியே கிளப்பி, கால் மணி நேரம் ஓடவிட்டு வைத்திருந்தார். "சில்லுனு கிடக்கற வண்டியவா உன் கைல குடுக்கறது? சூடாக்கி வெச்சிருக்கேன்" என்றார், காப்பி போட்டு வைத்தவரைப் போன்ற பெருமிதத்துடன். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் சத்தம், சூடான இன்ஜினில் எப்படி வரும்? வெந்நீருக்கு அது தெரியாததன்று. ஆனால், பட்டறையில் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. சத்தத்தைக் கேட்காமலேயே, "நான் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் காரை எடுத்துவரப் போனபோது, அக்கா பின்னிருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டறைக்குப் போற வண்டிய எதுக்குக்கா துடைக்கற?"

"சும்மாதான். வண்டி வருமா வராதான்னு நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துல சொல்லணும். வேற வண்டிக்காரர் தயாரா இருக்காராம். அவர் வந்துட்டா வருஷம் முழுக்க அவர்தான். அடுத்த வருஷம் இந்த வயசுல என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்களா என்ன?" இருக்கை இடுக்கிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். சாவி அதுலயே இருக்கு."

'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்ற சொற்கள்தாம் அவரைச் சுட்டன. பட்டறைக்கு வரும் வழியெல்லாம் காது இன்ஜினிலேயே இருந்தது. அது பூனைபோலச் சத்தமில்லாமல் ஓடியது. பேரிங் தேய்ந்திருந்தால், எண்ணெய் சூடேறி இளகும்போது சத்தம் கூட வேண்டுமே தவிர, அடங்கக் கூடாது. இதை வியாழனன்றே யோசித்திருக்கலாம்.

இனிச் செய்வதற்கு ஒன்றே இருந்தது: வண்டியைத் தொடாமல், விடியும்வரை குளிர விட வேண்டும். தொடாமல் இருப்பதுதான் அவருக்குத் தெரியாத வேலை. பட்டறையின் பின்னாலேயே வீடு. நான்கு மணிக்குப் போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார், சூடு. ஐந்து மணிக்குப் போனார், வெதுவெதுப்பு. ஆறு மணிக்குச் சாவியைத் தேடியபோது ஆணியில் அதைக் காணவில்லை.

"சாவி எங்க?"

"என் கைப்பைல" என்றாள் மனைவி, கீரை ஆய்ந்தபடியே. "காலைல தரேன்."

"சும்மா ஒரு தடவை..."

"சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டு, மறுபடியும் ஆறட்டும்னு உக்காருவீங்களா? அடைகாக்கற கோழிகூட இத்தனை தடவை எழுந்து பாக்காது."

விடிந்ததும் மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, சத்தம் பிறக்கும் இடத்தைக் கேட்க அதன் முனையை இன்ஜினில் எங்கே ஊன்றுவதென்று ஒரு கணம் தயங்கினார். குளிர்ந்த இன்ஜின் ஒரு முறைதான் பேசும். அடியில் என்று தீர்ப்புச் சொல்லியாயிற்றே. ஆகவே, அடியிலேயே ஊன்றினார்.

"திருப்பு!"

டக், டக், டக், டக். பட்டறையே அதிர்வதுபோல இருந்தது. ஆனால், ஸ்க்ரூடிரைவர் வழியே காதுக்கு வந்தது மங்கலான உறுமல் மட்டுமே. சத்தம் வேறெங்கோ மேலே கேட்டது. முனையை அவசரமாக மேலே கொண்டுபோவதற்குள் அது நின்றுவிட்டது.

"நிறுத்து! மறுபடியும் திருப்பு!"

மறுபடியும் திருப்பினாள். வண்டி ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஓடியது. வெந்நீர் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் எறிந்தார். மணி ஆறரை.

"போச்சு. ஒரே வாய்ப்பு, அதையும் கோட்டை விட்டேன்."

"இங்க பாருங்க, எண்ணெய் விளக்குன்னு ஒண்ணு சிவப்பா எரியுமே, அது எரிஞ்சுட்டே இருக்கணுமா?"

"இல்ல, ஸ்டார்ட் ஆன உடனே அணைஞ்சுடணும்."

"முதல் தடவை அணையல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். அஞ்சு எண்ணினப்பதான் அணைஞ்சுது. சத்தமும் அப்பதான் நின்னுது. ரெண்டாவது தடவை டப்புனு அணைஞ்சுது."

வெந்நீர் குனிந்து இன்ஜினைப் பார்த்தார். அப்படியானால், இரவெல்லாம் எண்ணெய் கீழே வடிந்து, காலையில் மேலிருக்கும் பாகங்கள் ஐந்து நொடிகள் எண்ணெயின்றி உலர்ந்து தட்டிக்கொள்கின்றன. எண்ணெயை வடியவிடாமல் பிடித்துவைப்பது, ஆயில் ஃபில்டர் எனும் வடிகட்டிக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம்.

வடிகட்டியைக் கழற்றினார். அதில் அந்த வளையமே இல்லை. மரை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது; வேறு காருக்கு உரிய வடிகட்டி. மூன்று வாரங்களுக்கு முன், சரியானது கையிருப்பில் இல்லாத ஒரு நாளில், அலமாரியில் இருந்ததை எடுத்து, மரை ஏறுகிறது, அது போதும் என்று மாட்டிய கை அவருடையதுதான்.

சரியான வடிகட்டியை வாங்கிவந்து மாட்டும்போது மணி ஏழே முக்கால். அக்காவுக்குத் தொலைபேசி போட்டார். 'சரியாயிடுச்சு' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. இன்னொரு முறை முழுக்கக் குளிர்ந்து, இன்னொரு காலையில் கிளப்பிப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது? மூன்று வாரமாக உலர்ந்து உரசியதில் உள்ளே எவ்வளவு தேய்ந்ததோ?

"அக்கா, தப்பு என்னோடது. தப்பான ஃபில்டர் போட்டது நான். பேரிங் இல்ல, அதுதான்னு நினைக்கறேன். ஆனா... தெரியலக்கா. நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாதான் தெரியும்."



"வியாழக்கிழமைலேருந்து நான் சரியாத் தூங்கலடா."

"தெரியும்க்கா."

"தெரியாது உனக்கு." பிறகு, பெருமூச்சு. "சரி. ஒரு நாள் தவணை கேக்கறேன். 'தெரியல'ன்னு உன் வாயால இப்பதான் முதல் தடவையாக் கேக்கறேன். அதனால நம்பறேன். உன் வண்டிய இன்னிக்கு எனக்குக் குடு. என் வண்டிய சாயங்காலம் வீட்டுல விட்டுட்டுப் போ. காலைல நானே ஸ்டார்ட் பண்றேன். நீ வராத, வந்தா நாலு மணிக்கே சாவியத் திருப்பிடுவ. உன் அத்தானையும் கிட்ட விட மாட்டேன்."

பள்ளியில் ஒரு நாள் தந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியிலிருந்து வெந்நீர் தொலைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பட்டறையை அளந்தார். ஏழரை. எட்டு. ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றினார். அதையே திரும்ப மாட்டினார். மனைவி ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எட்டே முக்காலுக்குத் தொலைபேசி மணி அடித்தது.

"பசங்கள இறக்கி விட்டுட்டேன்" என்றார் அக்கா.

"எந்த வண்டில?"

"என் வண்டிலதான்."

"சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. விளக்கு உடனே அணைஞ்சுது."

"ஏழு மணிக்கே தெரிஞ்சிருக்குமே! ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"என்னை நீ நாலு நாள் தவிக்க விட்ட. நான் உன்ன ரெண்டு மணி நேரம்கூட விடல" என்றார் அக்கா. "நாளைக்கும் கேட்டுட்டுச் சொல்றேன். போ, போய் உக்காந்து சாப்பிடு."