சொந்த லாரி வாங்கும் முன் வெள்ளிமலைக்கு ஒரு நடை

கடந்த பிப்ரவரியில் மூன்று நாள் விடுப்பு போட்டுவிட்டு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போய்வந்தேன். அருவி பார்க்கவோ, மேகத்தோடு படம் எடுக்கவோ போகவில்லை. அதற்கெல்லாம் நூறு பதிவுகள் இருக்கின்றன, அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் போனது ஒரு பழைய ஆறு சக்கர லாரியை வாங்கலாமா, அதை நானே ஓட்டிப் பிழைக்க என் கையிருப்பு தாங்குமா என்று பார்க்க. இதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. மெக்கானிக்கல் டிப்ளமோ. சென்னைக்கு வெளியே ஒரு கனரக வாகனப் பணிமனையில் ஆறு வருடமாக வேலை. சம்பளம் 24,000. கனரக லைசென்ஸ் இருக்கிறது. சேமிப்பு 4,10,000. தினமும் பத்து லாரியைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு, 'இதில் ஒன்று நம்முடையதாக இருந்தால் என்ன' என்று தோன்றாமல் இருக்காது.

வியாழன் காலை 5.30 மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் 235 ரூபாய். 10.50க்குக் கள்ளக்குறிச்சி. பழைய வண்டிகள் வாங்கி விற்கும் சலீம் பாயின் கொட்டகை சேலம் ரோட்டில், பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ 15 ரூபாய். வண்டி பத்து வருடப் பழசு, விலை 9,50,000. நான் மூன்றரை போட்டால் மீதி ஆறு லட்சத்துக்குக் கடன். நாலு வருடம், மாதம் 17,000 டியூ.

இரண்டரை மணி நேரம் வண்டியைச் சோதித்தேன். கம்ப்ரஷன் பார்த்தேன், கியர் பாக்ஸ் ஆயிலில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்த்தேன், சேசிஸில் வெல்டிங் தேடினேன். பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா தம்பி, அடியிலயே படுத்துக்கினு இருக்கிற? பொண்ணு பாக்கிறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்."

"பொண்ணுக்கு டியூ இல்ல பாய்."

"கல்யாணம் பண்ணிப் பாரு, அப்புறம் பேசு."

வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்: "வெள்ளிமலை மரவள்ளிக் கெழங்கு லோடுக்கு தினம் ஒரு நடை ஓடுமா?" பாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா ஓடும்." சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் 50,000 முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ராஜினாமாக் கடிதம் என் போனில் தயாராக இருந்தது. அனுப்புவதுதான் பாக்கி.

அன்றைக்குத் தங்கியது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ், 700 ரூபாய். வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மலையிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் பத்து டன் மரவள்ளிக்கு வாடகை 5,500. டீசல் 2,400, புரோக்கர் கமிஷன் 300, சாப்பாடு மற்றவை 200. ஒரு நடைக்குக் கையில் 2,600. மாதம் 25 நடை என்றால் 65,000. டியூ போக 48,000. சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு. மெக்கானிக் செலவு என்ற வரியில் பூஜ்யம் போட்டேன், ஏனென்றால் மெக்கானிக் நான்தான். இந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. இத்தனை நாள் எதற்காக அடுத்தவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்?

வெள்ளிக்கிழமை ஒரு நடை கூடவே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தேன். களமருதூர்க்காரர் ஏழுமலை, வயது நாற்பத்தொன்று, பதினொரு வருடமாகச் சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். என் மாமாவுக்குத் தெரிந்தவர். காலை 6.00 மணிக்குக் கள்ளக்குறிச்சியில் ஏறினேன். கச்சிராயபாளையத்தில் இட்லி, ஆளுக்கு 40. கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை ஆரம்பம். வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் யார் பின்னால் போவது என்பது ஹாரன் அடிக்கும் தினுசிலேயே முடிவாகிவிடுகிறது. 7.55க்கு வெள்ளிமலை. மீட்டரில் 38 கிலோமீட்டர்.

கிழங்கு செல்லம்மாள் என்பவருடையது. இரண்டரை ஏக்கர், வருடத்துக்கு இந்த ஒரே வெள்ளாமை. ஆட்கள் பிடுங்கிப் போட்ட கிழங்கைக் கூடையில் சுமந்து வண்டியில் கொட்டினார்கள். ஏற்றி முடிக்க 11.40. செல்லம்மாள் வண்டியைவிட்டு நகரவே இல்லை.

"சாயந்தரத்துக்குள்ள எறக்கிடுங்க ஏழுமல. ராத்திரி தங்குச்சுன்னா காஞ்சி எட கொறையும், பாயிண்டும் கொறையும்."

பாயிண்ட் என்றால் கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று ஆலையில் பார்க்கும் அளவு. அதை வைத்துத்தான் விலை.

"எறக்கிடலாம்மா. இன்னிக்கு இன்சினியர் வேற கூட வராரு" என்று என்னைக் காட்டினார். நான் டிப்ளமோதான் என்று திருத்தினேன். யாரும் கேட்கவில்லை.

வெள்ளிமலை எடைமேடையில் கிழங்கு மட்டும் 10,240 கிலோ. இறக்கத்தில் ஒவ்வொரு முறை பிரேக்கை மிதித்தபோதும் எங்கோ 'உஸ்' என்று காற்று கசிந்தது எனக்குக் கேட்டது. சின்னசேலம் பக்கத்து ஆலை வாசலுக்கு 2.20க்கு வந்தோம். மலையிலிருந்து 52 கிலோமீட்டர். முன்னால் 19 லாரிகள். இந்த வரிசை என் அட்டவணையில் எந்த வரியிலும் இல்லை.

நிழலில்லாத ரோட்டில் காத்திருந்தபோது கேட்டேன்: "போன மாசம் எத்தினி நடைணா?"

"பதிமூணு."

"வண்டி ரிப்பேரா?"

"வண்டிக்கு இன்னா? நல்லாத்தான் இருக்குது. புரோக்கரு சொன்னாத்தான் லோடு. ஒரு நாளு கூலியாள் வரல. பொங்கலுக்கு நாலு நாளு ஆலை லீவு. மூணு நாளு இதே வரிசையில கட்டிப் போட்டுட்டாங்க. ஜாஸ்தி ஓடுற மாசமே அதான் தம்பி."

"சலீம் பாய் தினம் ஒரு நடை ஓடும்னாரே?"

சிரித்தார். "வண்டி ஓடும்னு சொல்லியிருப்பாரு. அவரு வண்டி விக்கிறவரு, ஓடும்னுதான் சொல்லுவாரு. நடைன்னா இன்னா தெரியுமா? ஏத்துனா அது பாரம். எறக்குனாத்தான் நடை."

எனக்குச் சுருக்கென்றது. பணிமனையில் நாங்கள் வண்டியின் ஓட்டத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவோம். நான் கேட்ட கேள்விக்குப் பாய் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். கேள்விதான் தப்பு.

4.10க்கு எங்கள் முன்னால் ஆறு வண்டிகள். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இறங்கிக் காதை வைத்துக் கேட்டேன். பின்பக்க பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயின் இணைப்பில் கசிவு.

"மாத்திடட்டுமாணா? இருவது நிமிசம்."

"எறக்கிட்டுப் பாத்துக்கலாம். ஒரு வாரமா அப்டித்தான் இருக்குது."

"ஒரு வாரமா இதோட மலை எறங்கிக்கினு இருக்கீங்களா? பிரேக்குணா அது!"

நான் கத்தியதில் பக்கத்து லாரிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, சீக்கிரம் முடி" என்றார் ஏழுமலை. அவருடைய டூல் பாக்ஸிலேயே பொருத்தமான வாஷர் இருந்தது. இணைப்பைக் கழற்ற வேண்டுமென்றால் டேங்கிலுள்ள காற்றை இறக்க வேண்டும். இறக்கினேன். காற்று இல்லையென்றால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், வண்டி ஒரு அடிகூட நகராது. இது எனக்குத் தெரியும், பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். இருந்தும் அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

நான் அடியில் படுத்திருக்கும்போது வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"யோவ், வண்டிய எடுய்யா!"

"பூட்டிக்கிச்சுப்பா, காத்து இல்ல!" என்று ஏழுமலை கத்தினார்.

"அப்ப ஓரமா படுத்துத் தூங்கு!"

நாலு லாரிகள் எங்களைத் தாண்டிக்கொண்டு முன்னால் போயின. இணைப்பை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, காற்று ஏறி வண்டி நகர 4.50 ஆகிவிட்டது. கசிவு சுத்தமாக நின்றிருந்தது. 5.30க்கு ஆலையில் பாயிண்ட் பார்ப்பவர் கதவைச் சாத்தினார். எங்கள் முன்னால் அப்போது நின்றது ஒரே ஒரு வண்டி.

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. செல்லம்மாளுக்குப் போன் போட்டு, "வண்டில சின்ன கோளாறும்மா, காலைலதான்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் சொன்னார்.

மறுநாள் 10.30க்கு எடை. 10,090 கிலோ. 150 கிலோ குறைவு. இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஆலையால் தாமதம் என்றால் எடைக் குறைவு விவசாயி தலையில், லாரியால் தாமதம் என்றால் லாரிக்காரர் தலையில். புரோக்கர் கிலோவுக்கு ஏழு ரூபாய் வீதம் 1,050 ரூபாயை வாடகையில் கழித்தார். மீதி வாடகையும் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். பாயிண்ட் எவ்வளவு குறைந்தது என்று தெரியாது, முதல் நாள் யாரும் பார்க்கவில்லையே. அந்த நஷ்டம் செல்லம்மாளுடையது. அதற்கு வழக்கம் எதுவும் இல்லை.

1,050 ரூபாயை எடுத்து ஏழுமலையிடம் நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா பாக்குற? வேணாம்பேன்னு நெனச்சியா?"

"இல்லணா."

"வேல நல்லாத்தான் செஞ்ச. பிரேக்கு இப்ப கத்தி மாரி புடிக்குது. ஆனா நீ அடியில படுத்திருந்தா ஸ்டியரிங்ல யாரு குந்துறது? எனக்காவது நேத்து நீ இருந்த. உன் வண்டின்னா நீ ஒருத்தன்தான?"

என் அட்டவணையின் பூஜ்யம் அங்கேயே செத்தது. நானே பழுது பார்த்தால் கூலி மிச்சம். ஆனால் பார்க்கும் நேரமெல்லாம் டிரைவர் லீவு. (கசிவை அடைத்தது தப்பு என்று இன்னமும் நினைக்கவில்லை. அதை மலை ஏறும் முன் பார்த்திருக்க வேண்டும், வரிசையில் அல்ல.)

12.40க்குக் கள்ளக்குறிச்சி. பேருந்து நிலையம் பக்கத்தில் பிரியாணி 130 ரூபாய். சாப்பிட்டபடியே கணக்கைத் திரும்பப் போட்டேன். 13 நடை என்றால் 33,800. டியூ போக 16,800. அதுவும் கிழங்கு பிடுங்கும் மாதங்களில் மட்டும். மற்ற நாட்களில் ஏழுமலை மக்காச்சோளம், கரும்பு, உரம் என்று ஓட்டுகிறார். அது பதினொரு வருடப் பழக்கம். புது ஆளான எனக்கு யார் லோடு தருவார்கள்? ஆகவே, லோடே இல்லாமல் ஆறு மாத டியூ கட்டும் காசு கையில் வேண்டும்: 1,02,000. ஏப்ரலில் இன்சூரன்ஸ் 46,000. பின் டயர் இரண்டு தேய்ந்திருந்தன: 40,000. வாடகை வரும்வரை ஆறு நடைக்கு டீசல்: 14,400. மொத்தம் 2,02,400. வண்டிக்குப் போடும் மூன்றரை லட்சம் போக என்னிடம் மிஞ்சுவது 60,000.

4 மணிக்குப் பாய் கொட்டகை.

"இன்னா தம்பி, பணம் கொண்டாந்தியா?"

"இல்ல பாய். வண்டி வேணாம்."

"வேணாமா? வண்டில எதனா கொற கண்டுபிடிச்சிட்டியா?"

"வண்டில ஒண்ணும் இல்ல. எங்கிட்டதான் ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்து நானூறு கம்மி."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி வாங்க வந்தவன் எவனும் நானூறு வரைக்கும் சொன்னதில்ல" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். வண்டி அடுத்த புதன்கிழமை வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் உண்டு, ஆனால் திரும்பும் பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, சில்லறை கையில் வேண்டும். லாரி வாங்க நினைப்பவர்கள், அந்தப் பாதையில் அதே சரக்கை ஓட்டும் ஒருவரோடு ஒரு நடை முழுக்கப் போய்வாருங்கள். பாதியில் இறங்கிவிடாதீர்கள், சரக்கு இறங்கும்வரை இருங்கள். 'எத்தனை நடை ஓடும்' என்று விற்பவரைக் கேட்காதீர்கள். 'போன மாதம் எத்தனை நடை' என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். வாடகை எத்தனை நாளில் கைக்கு வரும், தாமதமானால் யார் தலையில் என்பதையும் கேளுங்கள். வண்டியைப் பார்ப்பது கடைசி வேலை. நான் அதை முதலில் செய்தேன்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். வண்டி வாங்கியதாகவே நினைத்து, டியூ தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒன்பது மாதம் தவறாமல் போட்டால் என்னிடம் குறையும் பணம் சேர்ந்துவிடும். மார்ச் மூன்றாம் தேதி 17,000 போட்டேன். பதினெட்டாம் தேதி அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் அதிலிருந்தே 4,000 எடுத்தேன். வண்டியே வாங்காமல் முதல் டியூவில் தவறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.