பதினாலாம் எண் பூட்டு

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இது யெவ்லே நகரத்தில், எங்கள் குடியிருப்பின் அடித்தளத்துப் பொதுச் சலவை அறையில் நடந்தது. மாடிவீட்டு மாலினுக்கு நடந்தது. பொய் சொல்கிற ஆளல்ல அவள். அன்றைக்கு அதற்குத் தெம்பும் இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஐந்து வயது மகள் தூவாவை இதய அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கவேண்டும். உடுப்பு, போர்வை, கட்டிக்கொண்டு தூங்கும் துணி முயல் எல்லாம் துவைத்துச் சுத்தமாக வரவேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாளில் போட்டிருந்தது.

அறை வாசலில் தேதியும் மணியும் கட்டம் போட்ட ஒரு பலகை உண்டு. துவைக்க வேண்டிய நேரத்துக் கட்டத்தில், வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை முன்கூட்டியே மாட்டி வைக்கவேண்டும். அடுத்தவர் நேரத்தில் கை வைத்தால், வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். மாலின் அலைச்சலில் மாட்ட மறந்துவிட்டாள்.

மாலை 5.00. பலகையில் அந்த நேரத்துக் கட்டத்தில் 14 என்ற பூட்டு தொங்கியது. உள்ளே யாரும் இல்லை. வருவது வரட்டும் என்று துணிகளைப் போட்டுவிட்டு மேலே போனாள்.

5.50. திரும்பி வந்தாள். இயந்திரம் காலி. துணிகள் மேஜைமேல் மடித்திருந்தன... காய்ந்து, இளஞ்சூடாக. சூடான காற்றில் காய வைக்கும் அலமாரியிலேயே இரண்டு மணி நேரம் பிடிக்குமே?

முயலின் காது. ஒரு வருஷமாகக் கிழிந்து தொங்கியது. இப்போது சிவப்பு நூலில் தைத்திருந்தது.

"நாளைக்குத்தானே?"

அலமாரிக்குப் பின்னால் ஒருத்தி. சோப்பில் ஊறி வெளுத்த கைகள்.

"உங்க நேரத்த எடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

"உனக்காகத்தாம்மா பிடிச்சு வெச்சேன். காலுறை மூணு ஜோடி வை. அங்க குளிரும்."

டக்.

விளக்கு அணைந்தது. மாலின் சுவிட்சைத் தடவிப் போட்டாள். யாரும் இல்லை... பலகையில் பூட்டும் இல்லை.

பயப்படக்கூட முடியாத களைப்பு. துணிகளை அள்ளிக்கொண்டு படியேறினாள்.

தூவா பிழைத்தாள். வீடு திரும்பினாள். "இனி ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வரவேண்டாம்" என்றார் மருத்துவர்.

அதன்பிறகுதான் மாலின் குடியிருப்புப் பராமரிப்பாளர் ரூனேயிடம் கேட்டாள்.

"பதினாலா? பக்கத்து வீட்டோட இடிச்சுச் சேத்து இருபது வருஷமாச்சே! அங்க ஒருத்தி இருந்தா. பையன் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரல. அவ மட்டும் சாகறவரைக்கும் வாராவாரம் அவன் துணிய துவைச்சு மடிச்சு வெப்பா."

"அவங்க பூட்டு?"

"நாந்தான் குப்பையில போட்டேன்."

பிப்ரவரி மூன்றாம் தேதி மாலின் தன் பூட்டை மாட்டப் போனாள். பலகையில் ஒரு கட்டம்: மார்ச் ஒன்பது, மாலை ஐந்து மணி. அந்தக் கட்டத்தில் 14 தொங்கியது.

தன் பூட்டை மாட்டாமலே மேலே வந்தாள்.

பதினேழு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அப்போது எடுத்த படங்களை மறுபடி பார்த்ததில் ஏதோ தெரிகிறதாம். தூவாவின் நெஞ்சை மறுபடியும் திறக்கவேண்டுமாம்.

மார்ச் பத்து, காலை ஏழு மணி.