மீன்முள் கீறிய பேஸ்டி

நெவாடா மலைக்கு வெள்ளி தோண்ட வந்தவர்களுக்குப் படுக்க இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதிலும் விதவை டிரெகியர் அம்மாளின் விடுதியில் இடம் கிடைத்தவன் அதிர்ஷ்டக்காரன். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே கஞ்சி புகட்டுவாள். ஆனால் குடித்துவிட்டு வந்தால் வெளியே. சமையலறைக்குள் கால் வைத்தால், மூட்டை முடிச்சோடு வெளியே. கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை.

சுரங்கத்துக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் காலையில் ஒரு பேஸ்டி சுட்டுத் தருவாள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த அந்தச் சுரங்கக்காரர்களுக்கு, மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்த இறைச்சிப் பொதி இல்லாமல் மதியம் நகராது. மாறிப்போகாமல் இருக்க, மாவின் ஓரத்தில் ஆளுக்கொரு அடையாளம் கீறிவிடுவாள். அங்கே தங்கியிருந்த ஜெங்கின் பாஸ்கோவுக்குக் கோழிக்கால். ஆனால் தினமும் மீன்முள் கீறிய ஒன்று தனியாக ஜன்னலில் ஆறிக்கொண்டிருக்கும். அந்த அடையாளம் வீட்டில் யாருக்கும் கிடையாது. பாஸ்கோவுக்கு இது போதாதா? மண்டை குடைந்தது.

"மீன்முள் யாருக்கும்மா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டான்.

"உனக்கில்ல. சூப்பக் குடி."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். அதே பதில்தான், சூப்தான் வேறு.

அடுத்த நாள் காலையில் அவள் கோழிக்கூண்டுக்குப் போன சமயம் பார்த்துச் சமையலறைக்குள் நுழைந்து, மாவு மூட்டைக்குப் பின்னால் பதுங்கினான். ஜன்னல் வழியாக ஒரு கை நுழைந்து மீன்முள் பேஸ்டியை எடுத்தது. பிறகு முகமும் தெரிந்தது. ஹானிபல் போலித்தோ! குடித்துவிட்டு வந்ததற்காகப் போன மாதம் அவள் துரத்திவிட்ட அதே ஆள்.

"பாத்தாச்சா?" டிரெகியர் அம்மாள் முட்டைக் கூடையோடு வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, வெளிய பனி கொட்டுது. எங்க போவேன்?"

"அத உள்ள வர்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். பெட்டிய எடு."

பாஸ்கோ பெட்டியை எடுத்தான். வெளியே படுத்த ஒருவனை விறைத்த கட்டையாகத் தூக்கிப்போய்ப் போன வாரம்தான் புதைத்தார்கள்.

தெருவில் பெட்டியோடு நின்றவனின் தோளில் போலித்தோ தட்டினான். "வாடா, லாயத்துப் பரண்ல வைக்கோல் இருக்கு."

"யாரோட லாயம்?"

"அவளோடதுதான். நாம இருக்கறது தெரியாத மாதிரியே இருப்பா. நன்றி கின்றின்னு வாயத் தொறந்துராத, காரியம் கெட்டுரும்."

பரணில் ஏறினார்கள். போலித்தோவின் படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டான் பாஸ்கோ.

"நேத்து ராத்திரியே கொண்டாந்து வச்சுட்டா. யாரு வரப்போறான்னுதான் எனக்குத் தெரியல."