ஏரி தெரியாத வீடு

மாமா எல்லா லாட்ஜிலும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "ரூம்லேர்ந்து ஏரி தெரியுமா?"

எதிர்முனையில் உற்சாகம் வந்துவிடும். "ஜன்னலத் தொறந்தாலே ஏரிதான் சார்." மாமா "சரிங்க" என்று வைத்துவிடுவார். நான் நோட்டில் அந்த லாட்ஜை அடித்துவிடுவேன்.

2006 கோடை. சிதம்பரத்தில் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் மாமாவும் நானும் நின்றிருந்தோம். அக்காவை நாலு நாள் வேறு எங்காவது கூட்டிப்போகும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கடற்கரை ஊர் எதுவும் வேண்டாம், ஏற்காட்டுக்குப் போகலாம் என்று மாமா முடிவுசெய்திருந்தார்.

அக்காவும் அவரும் முன்பு கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் சாலையில் குடியிருந்தார்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா தன் ஆறு வயது மகளை சைக்கிளில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தது அவர் மட்டும்தான். இரண்டு நாள் கழித்து அவள் கிடைத்தாள்.

அந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு எங்களுக்கு அடுத்த வீட்டுக்கே வந்துவிட்டார்கள். குழந்தையின் பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் அக்காவைக் காப்பாற்ற முடியும் என்று நாங்கள் நம்பினோம். அவள் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

ஏழாவதோ எட்டாவதோ அழைப்பில் ஓர் அம்மாள் பேசினார். தன் வீட்டு மாடியை வாடகைக்கு விடுபவர். "மொதல்லயே சொல்லிடறேன், ஏரி தெரியாதுங்க. காப்பிச் செடியும் மொளகுக் கொடியும்தான். ஏரிக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். அதனாலயே யாரும் வர்றதில்ல."

"அதாம்மா எங்களுக்கு வேணும்" என்றார் மாமா. நான் நோட்டில் அந்த நம்பரைச் சுற்றி வட்டம் போட்டேன்.

மூவரும் சேலம் பஸ்ஸில் போய், அங்கிருந்து மலையேறினோம். மாடியில் இரண்டு அறைகள், மர ஜன்னல்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சைதான். மாமா ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள். "ஏரி எந்தப் பக்கம்?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் தங்கச்சியும் போய்ட்டு வர்றோம். நீங்க இருங்க" என்றாள் அவரிடம், மிக மெதுவாக.

வழியில் எனக்குப் பயமாக இருந்தது. "வேணாங்க்கா, திரும்பிடலாம்" என்றேன்.

"பூத்துல நீங்க பேசுனதெல்லாம் எனக்குத் தெரியும்டி. பயம் எனக்கில்ல, ஒங்க மாமாவுக்கு. தவலையில தண்ணி தளும்புனா கூட மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. அதான் அவுருக்குப் புடிச்ச வீடாவே இருக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு வந்தேன்."

ஏரியில் குடும்பம் குடும்பமாகப் படகு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளின் பெயரைச் சொன்னாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைக் கேட்டேன். "இருந்திருந்தா அந்த அன்னப்பறவ படகுதான் வேணும்னு தரையில பொரண்டிருப்பா" என்றாள். "நீங்க யாருமே அவளப் பத்திப் பேச மாட்டேங்கிறீங்க. அவ பொறக்கவே இல்லாத மாதிரி இருக்குது எனக்கு."

நான்தான் அழுதேன். அவள் அழவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில், ஆத்தூர் தாண்டியதும், மாமா தானாகவே பேச ஆரம்பித்தார். அவர்களுக்கு முன் சீட்டில் நான் இருந்தேன்.

"செருப்பு ஒண்ணு அலையில போயிடுச்சின்னு அழுதா. இங்கயே நில்லு, அப்பா எடுத்தாரேன்னு கைய விட்டேன். நாந்தான் விட்டேன்."

பஸ் ஒரு ஊரில் நின்று கிளம்பிய பிறகு அக்கா கேட்டாள்.

"ஏன் இவ்ளோ நாளு சொல்லல?"

"நீ கேக்கல."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா விசும்புவது மட்டும் விருத்தாசலம் வரை விட்டுவிட்டுக் கேட்டது. அக்கா அவரைத் தேற்றவில்லை. 'உங்க மேல தப்பில்ல' என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கலாமே என்று அன்று அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த நாலு நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. வேறு குழந்தையும் அவர்களுக்குப் பிறக்கவில்லை. ஆனால் அதுவரை ஒரு சொல் உரக்கப் பேசாத இருவரும் சண்டைபோட ஆரம்பித்தார்கள். 2010இல் எனக்குக் கல்யாணமாகி நெல்லிக்குப்பத்துக்குப் போகும்வரை, எங்கள் அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன். அக்கா கத்துவாள். மாமா ஏதோ சொல்லுவார். பிறகு அழுகை வரும். முதலில் அவளுடையது, சற்றுப் பொறுத்து அவருடையதும்.