ஆரஞ்சு நூலில் கட்டிய பன்னிரண்டு

ஒரே ஒரு தீவில் ஒரே ஒரு மீன் இருந்ததாம். அதைப் பிடிக்கப் போனவன் சாயங்காலம் திரும்பி வந்தானாம், ஆனால் வந்தது அவன்தானா என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லையாம். எங்கள் வீட்டில் கதை என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த மாதிரிக் கதை கேட்டு வளர்ந்தவன் ஆபீசில் பைல் தள்ளலாம், ஸ்கூட்டர் மெக்கானிக் ஆகலாம், ஃப்ளை கட்டுகிற தொழிலுக்கு மட்டும் வரக்கூடாது.

என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள இரை வைக்காமல், தூண்டில் முள்ளின் மேல் கோழி இறகையும் ஆட்டு முடியையும் நூலால் சுற்றிக் கட்டி, சின்ன மீன் மாதிரியோ இறால் மாதிரியோ ஆக்குவதுதான் ஃப்ளை. அதற்கு எடையே கிடையாது. அதனால் கனமான தூண்டில் கயிற்றை, அதாவது லைனை, முன்னும் பின்னும் காற்றில் வீச வேண்டும்; லைன் போகிற இடத்துக்கு ஃப்ளையும் போகும். போர்ட் பிளேரில், ஜங்லிகாட் பகுதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் மேஜை இருக்கிறது. அதுதான் கடை. சீசனில் ஆட்களைக் கடலுக்கும் கூட்டிப் போவேன்.

கழுத்து மட்டும்

பிராய்லர் கோழியின் இறகு தண்ணீரில் பஞ்சு மாதிரி தொங்கிவிடும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகுதான் விறைப்பாக நிற்கும், இழுத்து நிறுத்தினால் மூச்சு விடுகிற மாதிரி விரியும். தோலோடு உரித்து, உப்புத் தடவி, நிழலில் காய வைக்க வேண்டும். இதற்காக மார்க்கெட்டில் ஒரு பெங்காலிக் கோழிக்கடைக்காரரிடம் வாரா வாரம் போய் நிற்பேன். சிவப்புச் சேவல் வேண்டும், கறி வேண்டாம், கழுத்துத் தோல் மட்டும் போதும் என்பேன்.

ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்தார் மனிதர். ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்: "அரே பாய், கோவிச்சுக்காத. யாருக்கு சூனியம் வைக்கிற?"

நூல் தீர்ந்த வாரம்

மெயின்லேண்டிலிருந்து கப்பல் தாமதமானால் எங்களுக்கு வெங்காயம் மட்டுமா தீரும்? இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாரம் எனக்குக் கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. பக்கத்துத் தையல்கடையில் இருந்தது ஆரஞ்சு நூல்தான். வெள்ளை ஆட்டு முடி, சிவப்புச் சேவல் இறகு, தலையில் ஆரஞ்சு வளையம் என்று ஒரு டஜன் கட்டினேன். பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அந்த நூலில் ஒன்றுகூடக் கட்டியதில்லை.

அந்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து சதீஷ் என்று ஒருவர் வந்தார். வடக்கே ரங்கத் பக்கம் தனியாகவே போகப் போவதாகச் சொன்னார். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடை கடலில் சேருகிற இடத்தில் மட்டும் இறங்காதீர்கள், முதலை உண்டு என்றேன். தலையாட்டினார். நாலாம் நாள் அவருடைய தூண்டில் ராடு அதே ஓடை வாயில், ஒரு மர வேரில் சாத்தி வைத்தபடி கிடைத்தது. லைன் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை, ஃப்ளைப் பெட்டியும் கிடைக்கவில்லை. கடையில் அந்த ஒரு டஜனைப் பார்த்ததும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தலை நல்லாருக்குதுங்க தம்பி, பத்த வெச்ச தீக்குச்சியாட்ட. பன்னெண்டும் எனக்கே குடுத்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

இந்த வருஷம் காற்று அடங்கியதும் சதீஷின் அக்கா வந்தார். கவிதா என்று பெயர். போலீஸ் திருப்பிக் கொடுத்த தம்பியின் ராடைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வீசத் தெரியுமா என்று கேட்டேன். நீலகிரி ஓடைகளில் தம்பிதான் சொல்லிக் கொடுத்தானாம். அவன் நின்ற இடத்தில் நின்று, அவன் செய்ததைச் செய்து பார்க்க வேண்டும் என்றார்.

நான் தயங்கினேன். அவர் வற்புறுத்தவில்லை. வீட்டில் நடப்பதை மட்டும் சொன்னார். அம்மா காரியம் செய்ய விடமாட்டேன் என்கிறார். உடம்பைப் பார்க்காமல் எப்படிச் செய்வது என்கிறார். அவன் இருக்கிறானா இல்லையா என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த வார்த்தையானாலும் சரி என்றார். பிறகு மேஜை மேல் இருந்த இறகுகளை ஒதுக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழமையானா அவன் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வெக்கச் சொல்றாங்க எங்கம்மா. ரெண்டு வருசமா வாசல்ல அந்தச் சத்தம். அதை நிறுத்தறதுக்கு எனக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணுமுங்க தம்பி."

பின்னால் நின்ற லைன்

ரங்கத்தில் எனக்குப் படகு ஓட்டுபவர் ராயப்பன் அண்ணன். அவர் குடும்பம் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்தது. இவர் பிறந்தது இங்கே, பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவருடைய டுங்கியில், அதாவது மோட்டார் வைத்த மரப் படகில், ஓடை வாயிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு மணல் திட்டில் இறங்கினோம். நல்ல வெயில். முழங்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி.

முன்னால் வீசுவதற்கு முன், லைன் பின்னால் முழுசாக நீளும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி சொடுக்கும், ஃப்ளை அறுந்து பறந்துவிடும். நம்மில் இதைச் செய்யாதவர் யார்? ஆனால் கவிதா அக்கா அவசரப்படவில்லை. அழகாக வீசினார். மூன்றாவது வீச்சில், பின்னால் போன லைன் அங்கேயே நின்றுவிட்டது. விழவில்லை. தண்ணீருக்கு மேலே, ஓர் ஆளின் மார்பு உயரத்தில், விறைப்பாக நின்றது. ராடு பின்பக்கம் வளைந்தது. அங்கே மரமில்லை, கம்பில்லை, பறவைகூட இல்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு லைன் தளர்ந்து தண்ணீரில் விழுந்தது.

சுருட்டி எடுத்துப் பார்த்தேன். ஃப்ளை இல்லை. முடிச்சு நழுவியிருந்தால் நுனி சுருண்டிருக்கும். சொடுக்கி அறுந்திருந்தால் பிசிறு இருக்கும். இது நகவெட்டியால் வெட்டிய மாதிரி இருந்தது. ஃப்ளை மாற்றும்போது நாம் வெட்டுவோமே, அப்படி. நான் நுனியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஊட்டியிலயும் இப்படித்தானுங்க. நான் வீசறப்ப பின்னாடி வந்து லைனைப் புடிச்சுக்குவான்."

காலைத் தூக்காமல்

திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலால் குத்தும், மூன்று நாள் அழ வேண்டும். அதனால் கூட்டி வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, காலைத் தூக்கி வைக்காதீர்கள், மணலைத் தள்ளிக்கொண்டே நடங்கள் என்பதுதான். அப்படி நடந்தால் இரண்டு கோடு உழுத மாதிரி விழும். அந்தப் பக்கத்து மீன்காரர்கள் கையில் ஒரு கம்பு வைத்துக் குத்திப் பார்த்தபடி சாதாரணமாக நடப்பவர்கள். காலை இழுத்து நடப்பவர்கள் ஃப்ளை ஆட்கள்தான்.

கடல் வற்றம் முடிகிற நேரத்தில் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. படகுக்குத் திரும்பி நடந்தபோது எதற்கோ திரும்பிப் பார்த்தேன். ஈர மணலில் என் இரண்டு கோடு. அக்காவின் இரண்டு கோடு. அக்காவுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இன்னும் இரண்டு கோடு. அவர் நின்று வீசிய இடத்தில் ஆரம்பித்து, அவர் மெதுவாக நடந்த இடத்தில் நெருங்கி விழுந்து, அவர் நின்ற இடத்தில் நின்று, படகுக்கு இருபது அடி முன்னால் அலையாத்திப் பக்கம் திரும்பிவிட்டது.

ராயப்பன் அண்ணன் காலையிலிருந்து படகை விட்டு இறங்கவே இல்லை. அக்கா ஏறி உட்கார்ந்த பிறகு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலையா அண்ணே என்று கேட்டேன். அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார், பீடியை ஈர மணலில் அழுத்தி அணைத்தார். "முதலைக்கு வாலு ஒண்ணுதாம்ல மக்கா. இது ரெண்டு கோடு. பேசாம படகைத் தள்ளு."

கொடுவாயின் இரண்டு கடைவாய்

மறுநாள் தண்ணீரில் இறங்கவில்லை. ஓடை வாய்க்கு வெளியே படகை நிறுத்தி, படகிலிருந்தே வீசினோம். கொடுவாய் மீனுக்கு எறியும்போது வேர் ஓரமாக விழ வேண்டும்; விழுந்ததும் இழுக்கக் கூடாது, மூன்று எண்ணி, இரண்டு சின்ன இழுப்பு, மறுபடி நிறுத்தம். நிறுத்தத்தில்தான் அடிக்கும். அடித்தது. நல்ல கொடுவாய், ஆறு ஏழு கிலோ இருக்கும். அக்கா பதறாமல் கொண்டுவந்தார்.

வலது கடைவாயில் எங்கள் ஃப்ளை. கழற்றிவிட்டு மீனைத் திருப்பினேன். இடது கடைவாயில் இன்னொன்று இருந்தது. வெள்ளை ஆட்டு முடி, சிவப்பு இறகு, ஆரஞ்சுத் தலை.

நான் கட்டுவது சாதாரண இரும்பு முள்ளில். உப்புத் தண்ணீரில் ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிடும். மீன் அறுத்துக்கொண்டு போனாலும் முள் சீக்கிரம் இற்று விழட்டும் என்றுதான் அப்படி. முள்ளின் எதிர்ப்பல்லையும் குறடால் நசுக்கித்தான் விற்பேன். அந்த முள் லைன் தளர்ந்தால் மீன் வாயில் அதிக நேரம் தங்காது. ஆனால் கையில் எடுத்த ஃப்ளையின் முள்ளில் ஒரு பொட்டுத் துரு இல்லை. முடி வெளுப்பு மாறவில்லை. அரையடி நைலான் நரம்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பிடித்துப் பார்த்தார். "முடிச்சு நான் போடற மாதிரியே இருக்குதுங்க" என்றார். அது நான் கட்டியதுதான், அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்று சொன்னேன். துருவைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது.

மீனை விட்டுவிட்டோம். அக்கா அந்த ஃப்ளையை ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பியில் போட்டு மூடிக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் போலீஸ் அவுட்போஸ்ட் ஆட்களையும் வனத்துறை ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஓடையின் இரண்டு கரையும் அலசினோம். அருகில் இருந்த குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டோம். பெட்டியைக் கண்டெடுத்தவர் இல்லை, புது ஆளைப் பார்த்தவர் இல்லை, சாம்பல் இல்லை, ஒரு பிஸ்கட் உறை இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ராயப்பன் அண்ணன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "துருப் புடிச்சுப் போயி இருந்துன்னு சொல்லிரு மக்கா. செத்துப் போனான்னு நெனச்சு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போவட்டும்."

ரங்கத் பஸ் ஸ்டாண்டு

மறுநாள் காலையில் போர்ட் பிளேர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வழியில் காட்டுக்குள் வண்டிகளை மொத்தமாக விடுகிற கான்வாய் நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். அக்கா டப்பியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். "இது எத்தனை நாள் தண்ணியில கெடந்திருக்குமுங்க? அன்னிக்கு இருந்து நீங்க என் மூஞ்சியைப் பாக்கறதில்லை."

இரண்டு வருஷம் இருக்கும் அக்கா என்று சொல்லத்தான் ராத்திரி முழுக்கப் பழகி வைத்திருந்தேன். டப்பியைப் பார்த்தேன். உப்பு ஈரத்தில் கிடந்த முள்ளில் பழுப்பு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"இந்தத் துரு டப்பிக்குள்ள வந்தது, அக்கா. இந்த ரெண்டு மூணு நாள்ல. மீன் வாய்ல இருந்து எடுத்தப்போ துருவே இல்ல. அன்னைக்குக் காலைல யாரோ கட்டி வீசின மாதிரி இருந்துச்சு."

அவர் டப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

"உசுரோட இருந்தான்னா அவனுக்கு எங்களைப் பாக்க வேண்டாம்னு அர்த்தம். இல்லைன்னா, இன்னும் மீன் புடிச்சுட்டிருக்கறான். ரெண்டையும் எங்கம்மா தாங்க மாட்டாங்க" என்றார். டப்பியை மூடினார். "துருவைக் காட்டிக்கறேன். இருக்கறதைத்தானுங்க காட்டப்போறேன். காரியம் நடந்துரும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி போனவர் நின்றார். வழி கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: "அவன் பெட்டியில இருக்கறது தீந்துபோச்சுன்னா, உங்க கடைக்குத்தானுங்களே வருவான்?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் பஸ்ஸை நோக்கி நடந்து போய்விட்டார். பழைய வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு தினமும் கடை திறக்கிற வியாபாரி, சக தூண்டில்காரர்களே, இந்தத் தீவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.